கிரவுன் கத்தினால் உடனே 140 ஊற்றாதீர்கள்: மலையில் ஓடும் ஃபோர் வீல் வண்டிக்குக் கியர் ஆயில், அறிகுறி வாரியாக

மேட்டுப்பாளையத்தில் சிமென்ட் ஏற்றிக்கொண்டு ஊட்டிக்கு வரும் பிக்கப், மறுநாள் விடியலில் கேரட் மூட்டையோடு இறங்குகிறது. கீழே முந்நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரம், சட்டை நனையும் வெயில். மேலே 2,240 மீட்டர், ஜனவரி என்றால் புல்மேல் உறைபனி. இரண்டுக்கும் ஒரே கியர் ஆயில்தான் ஈடுகொடுக்க வேண்டும். நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் வண்டியில் அந்த ஆயில் நாலு இடத்தில் இருக்கிறது: கியர்பாக்ஸ், எஞ்சின் இழுப்பை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில். நாலுக்கும் வேலை வேறு. பல வண்டிகளில் ஆயிலும் வேறு.

பட்டறை வாசலில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "ஏனுங்ணா, கிரவுன் கத்துது, 140 ஊத்திரலாமுங்களா?" கிரவுன் என்பது ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம், 140 என்பது கெட்டியான கியர் ஆயில். ஊற்றலாம், சத்தமும் குறையும். தேய்ந்த பேரிங் கெட்டி ஆயிலுக்குள் சத்தம் போடாமல் தேயும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆயிலை மாற்றுவதற்கு முன்னால் வண்டி என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். கீழே மேற்கோள் குறிக்குள் இருக்கும் ஒவ்வொரு தலைப்பும் ஓட்டுநர் வந்து சொல்லும் புகார்.

முதலில் கேனைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள்

முன்பக்கம் பெரிய எழுத்தில் 'இபி 90' என்று இருக்கும். அது பாதிச் சேதிதான். மீதிப் பாதி பின்பக்கப் பொடி எழுத்தில் இருக்கிறது: ஏபிஐ ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5 என்ற தரக் குறியீடு.

எண் என்பது கெட்டித்தன்மை. 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் வரை இருந்தால் அது 90. 24 முதல் 32.5 வரை இருந்தால் 140. அதாவது 140 என்பது 90-ஐவிடக் 'கொஞ்சம்' கெட்டி இல்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கு. எஞ்சின் ஆயில் எண்ணோடு இதை ஒப்பிடக் கூடாது, அளவுகோலே வேறு. கியர் ஆயில் 90-இன் கெட்டித்தன்மை எஞ்சின் ஆயிலில் 40, 50 கிட்டத்தில் வரும்.

டபிள்யூ போட்ட எண் குளிருக்கானது. 80டபிள்யூ மைனஸ் 26 டிகிரி வரைக்கும், 85டபிள்யூ மைனஸ் 12 டிகிரி வரைக்கும் குறிப்பிட்ட கெட்டித்தன்மையைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. அவலாஞ்சிப் பக்கம் பனி இறங்கும் விடியலில்கூட அந்த அளவுக்குக் குளிர் போவதில்லை. அதனால் 'ஊட்டிக் குளிருக்கு 75டபிள்யூ இல்லாவிட்டால் ஆகாது' என்பது கடைப்பேச்சு. வண்டியின் கையேடு 75டபிள்யூ-90 கேட்டால் போடுங்கள். கேட்காவிட்டால் 80டபிள்யூ-90 தாராளமாகப் போதும். டபிள்யூ எண்ணே இல்லாத வெறும் 90, 140 கேன்களை மலையில் தவிர்ப்பது நல்லது. குளிரில் அவை எப்படி இருக்கும் என்பதற்குக் கேனில் உறுதி எதுவும் இல்லை.

அடுத்து ஜிஎல். ஆக்ஸிலுக்குள் கிரவுனைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியன், கிரவுன் சக்கரத்தின் நடுமட்டத்தில் உட்காராமல் அதிலிருந்து விலகி உட்காருகிறது. இதைத்தான் ஹைபாய்டு என்கிறார்கள். பல்லும் பல்லும் உருள்வதோடு நிற்காமல் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி இழுபடும். அந்த இழுப்பில் ஆயில் படலம் துடைத்துப் போய்விடும். அப்போது காப்பாற்றுவது ஆயிலில் கலந்திருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம். சூட்டில் அது எஃகோடு வினைபுரிந்து மெல்லிய பூச்சாகப் படிகிறது. ஜிஎல்-5 ஆயிலில் இந்தச் சேர்மானம் ஜிஎல்-4-ஐப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு. ஆக்ஸிலுக்கு அது தேவை.

கியர்பாக்ஸுக்கோ அதே மருந்து விஷம். உள்ளே சின்க்ரோ ரிங்குகள் பித்தளை. வீரியமான கந்தகம் பித்தளையைச் சூட்டில் அரிக்கும். அரிக்காத வகையில் தயாரித்த ஜிஎல்-5 ஆயில்களும் இப்போது வருகின்றன, உண்மைதான். ஆனால் வழுக்கல் என்று இன்னொரு சிக்கல் இருக்கிறது. சின்க்ரோ ரிங் உரசிப் பிடித்தால்தான் இரண்டு சக்கரத்தின் வேகமும் ஒன்றாகும். ஆயில் அதிகம் வழுக்கினால் ரிங் பிடிக்காது, கியர் கரகரக்கும். சின்க்ரோ உள்ள கியர்பாக்ஸுக்குக் கையேடு வேறு சொல்லாதவரை ஜிஎல்-4தான். ஹைபாய்டு ஆக்ஸிலுக்கு ஜிஎல்-5தான். இதில் பேரம் இல்லை.

டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டு ஜாதி. பழைய ஜீப், ஜிப்சி போல முழுக்கப் பல்சக்கரத்தில் ஓடுவது ஒன்று, அதற்குக் கியர் ஆயில். உள்ளே சங்கிலி ஓடுவது இன்னொன்று. அதில் பலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் சிவப்பு ஆயில்தான், ஏடிஎஃப் என்பார்கள். அதில் 140-ஐ ஊற்றினால் உள்ளே இருக்கும் சின்னப் பம்பு குளிரில் இழுக்கத் திணறும், மேலே இருக்கும் பேரிங் காய்ந்துபோகும். எந்த ஜாதி என்று தெரியாமல் அதன் நட்டைக் கழற்ற வேண்டாம்.

எந்தப் புகாராக இருந்தாலும் முதல் வேலை ஆயில் மட்டம்

மலையில் சமதரை கிடைப்பது கஷ்டம் என்பதுதான் முதல் கோளாறு. வீட்டு முன்னாலிருக்கும் சரிவில் நிறுத்திவிட்டு, ஆயில் ஊற்றும் துளையை மூடியிருக்கும் ஃபில்லர் நட்டைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்து, 'ஆயில் இருக்கு' என்று மூடிவிடுவார்கள். பன்னிரண்டுக்கு ஒன்று சரிவு என்று வைத்துக்கொள்வோம், சாதாரண மலைச் சாலைச் சரிவுதான். ஆக்ஸில் நடுவிலிருந்து ஃபில்லர் துளை 15 செ.மீ. தள்ளி இருந்தால், மட்டம் ஒன்றேகால் செ.மீ. பொய் சொல்லும். பக்கவாட்டில் சரிந்து நின்றால் இன்னும் மோசம். நடுவிலிருந்து சக்கர முனைவரை 60 செ.மீ. என்றால் அதே சரிவில் 5 செ.மீ. வித்தியாசம். ஆயில் முழுக்கப் பள்ளத்துப் பக்கக் குழாய்க்குள் போய் உட்கார்ந்துவிடும்.

கொத்தனாரிடமிருந்து ஒரு ரசமட்டம் வாங்கிச் சேஸிமேல் நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பாருங்கள். சரியான இடம் கிடைக்கும்வரை வண்டியை நகர்த்துங்கள், இல்லையென்றால் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுங்கள். ஓட்டி நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துத் திறக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நின்றால் சரி. விரலை வளைத்துத் தொட்டுப் பார்க்கும்படி கீழே இருந்தால் குறைவு. நட்டைக் கழற்றியதும் கொட்டினால் அதிகம், அல்லது உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அளவு என்று நினைக்க வேண்டாம். ஜிப்சியில் கியர்பாக்ஸுக்கு 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபருக்கு 0.8, பின் ஆக்ஸிலுக்கு 1.5, முன் ஆக்ஸிலுக்கு 2 லிட்டர் அளவில் பிடிக்கும். முன்னுக்குத்தான் அதிகம். 'இரண்டுக்கும் ஒன்றரை' என்று அளந்து ஊற்றினால் முன்பக்கம் அரை லிட்டர் குறைவோடு ஓடும். அளவுக் கணக்கு வாங்குவதற்கு மட்டும், ஊற்றும்போது துளைதான் கணக்கு.

"காலையில் இரண்டாவது கியர் விழமாட்டேன் என்கிறது, ரெண்டு கிலோமீட்டர் போனால் சரியாகிவிடுகிறது"

ஆயில் கெட்டி. யாரோ கியர்பாக்ஸில் 85டபிள்யூ-140 ஊற்றியிருக்கிறார்கள். ஐந்து டிகிரிக் குளிரில் அது வெல்லப்பாகு மாதிரி நிற்கும், சின்க்ரோ ரிங் அதைப் பிழிந்து வெளியே தள்ளிவிட்டுக் கோனைப் பிடிப்பதற்குள் நீங்கள் லீவரைத் தள்ளிவிடுவீர்கள். இறக்கிவிட்டு ஜிஎல்-4 80டபிள்யூ-90 போடுங்கள். ஒரு தடவை மாற்றினால் பழையது முழுக்க வராது, மூலையில் தங்கியது கலந்திருக்கும். ஆயிரம் கிலோமீட்டரில் இன்னொரு முறை மாற்றினால் வித்தியாசம் கைக்குத் தெரியும்.

அதுவரை வண்டியை நியூட்ரலில் விட்டு, கிளட்ச்சை மிதிக்காமல் மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். கிளட்ச் மிதித்திருந்தால் உள்ளே ஷாஃப்ட் சுற்றாது, ஆயில் கலங்காது.

"சூடான பிறகுதான் கரகரக்கிறது"

இது நேர் எதிர்ச் சேதி. குளிரில் நன்றாக விழுந்து, பர்லியார் தாண்டி ஏற ஏற மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கரகரத்தால், முதலில் கிளட்ச்சைச் சோதியுங்கள். நின்ற இடத்தில் ஐடிலில் கிளட்ச்சை முழுக்க மிதித்து ஐந்து வரை எண்ணி, ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கரகரத்தால் கிளட்ச் முழுக்க விடவில்லை, ஆயில்மேல் பழி போட வேண்டாம். கேபிள் அட்ஜஸ்ட்மென்ட், ஹைட்ராலிக் என்றால் சிலிண்டர் கசிவு பாருங்கள்.

ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தால் கியர்பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் இறக்கி வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். தங்கப்பொடி மாதிரி மினுங்கினால் அது பித்தளை, சின்க்ரோ ரிங் கரைகிறது. ஜிஎல்-5 ஊற்றி ஓடிய வண்டிகளில் இது அடிக்கடி தெரியும். ஜிஎல்-4-க்கு மாற்றினால் மினுக்கு லேசாக இருந்த கேஸ்களில் கரகரப்பு நிற்க வாய்ப்பு உண்டு. ரிங்கின் உள்பள்ளங்கள் மழுங்கிவிட்டால் எந்த ஆயிலும் திரும்பக் கொண்டுவராது, கியர்பாக்ஸை இறக்க வேண்டியதுதான்.

இறக்கத்தில் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் அது ஆயில் விஷயமே இல்லை. லீவர் ஸ்பிரிங், ஃபோர்க், அல்லது மெயின் ஷாஃப்ட் பேரிங். சரிசெய்யாமல் கல்லட்டி மலைப்பாதையில் இறங்காதீர்கள்.

"கிரவுன் கத்துது"

இதில்தான் 140 பேச்சு வரும். மலையில் இருப்பதில் ஒரு வசதி, சோதனைச் சாலை வீட்டு வாசலிலேயே இருக்கிறது. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டர் மிதித்தும், இறக்கத்தில் காலை எடுத்து எஞ்சின் பிடிப்பில் விட்டும், அதே வேகத்தில் கேளுங்கள்.

ஏற்றத்தில் மட்டும் ஊளையிட்டால் பல்லின் இழுக்கும் முகம் தேய்கிறது. மட்டம் குறைவு, அல்லது ஜிஎல்-4 தவறாக ஆக்ஸிலுக்குள் போயிருக்கிறது. இறக்கத்தில் காலை எடுத்ததும் மட்டும் ஊளையிட்டால் பினியன் நட்டு தளர்ந்திருக்கலாம், பினியன் பேரிங் இறுக்கம் போயிருக்கலாம். புரோப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டுப் பினியன் ஃபிளாஞ்சைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் துளிகூட இருக்கக் கூடாது. இரண்டிலும் ஒரேபோல உறுமினால் பக்கவாட்டுப் பேரிங் சந்தேகம். மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், தார் ரோட்டில் 40-க்கு மேல் ரீங்கரித்தால் ஆக்ஸிலை விடுங்கள், மட் டயரின் சத்தம் அது. வளைவில் இடதுபக்கம் திருப்பினால் கூடி, வலதுபக்கம் திருப்பினால் குறைந்தால் சக்கர பேரிங். ஊளை முன் ஆக்ஸிலா பின் ஆக்ஸிலா என்று தெரியாவிட்டால், சக்கரத்தை ஆக்ஸிலிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீவீல் ஹப் உள்ள வண்டியில் ஹப்பைத் திறந்து ஓட்டிப் பாருங்கள், முன் ஆக்ஸில் சுற்றாது.

கியர் மாற்றி ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது 'கட்' என்று ஒரே அடி மட்டும் கேட்டால் கிராஸ் ஜாயின்ட். கிரீஸ் காணாமல் கிடக்கும்.

140 எப்போது சரி? தினமும் முழு லோடில் ஏறும் பிக்கப்பின் பின் ஆக்ஸிலுக்கு, கையேடே கனரகப் பயன்பாட்டுக்கு 85டபிள்யூ-140 ஜிஎல்-5 என்று அனுமதித்திருந்தால் தாராளமாகப் போடலாம். முதல், இரண்டாவது கியரில் மெதுவாக, முழு முறுக்கோடு ஏறும்போது பல்லுக்கு இடையில் படலம் மெலியும், சூடும் கூடும். கெட்டி ஆயில் அங்கே உதவும். முன் ஆக்ஸிலுக்கு அந்தச் சுமை இல்லை, அதற்கு 80டபிள்யூ-90 போதும். சத்தத்தை அடக்குவதற்கென்று 140 ஊற்றினால், அடுத்த தடவை திறக்கும்போது கிரவுன் பினியன் செட்டு முழுக்க மாற்ற வேண்டி வரும்.

"ஊட்டிக்கு ஏறி வந்தால் சீல் கசிகிறது. மாற்றினாலும் திரும்பக் கசிகிறது"

சீலைத் தப்பாகப் போட்டார் என்று மெக்கானிக்கைத் திட்டுவதற்கு முன், ஆக்ஸில் தலையில் இருக்கும், உள்காற்று போய்வரும் வழியான பிரீதரைப் பாருங்கள். சுண்டுவிரல் நுனி அளவில், மூடி போட்ட சின்ன நாப். சேற்றில் புதைந்து கிடக்கும், பலர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

மலை வண்டிக்கு இது ஏன் உயிர்நாடி என்பதற்குக் கணக்கு சொல்கிறேன். மேட்டுப்பாளையத்தைவிட ஊட்டியில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பிரீதர் அடைத்திருந்தால், கீழே உள்ளே இருந்த காற்று மேலே வந்ததும் வெளியே தள்ளும். அதோடு ஏற்றத்தில் ஆக்ஸில் 30 டிகிரியிலிருந்து 80 வரை சூடாகியிருந்தால் இன்னும் ஆறில் ஒரு பங்கு அழுத்தம் கூடும். இரண்டும் சேர்ந்து சுமார் 5 பிஎஸ்ஐ வரை போகலாம். சுழலும் தண்டைச் சுற்றி ஆயில் வழியாமல் பார்ப்பது சீலின் வேலை, அழுத்தத்தை அடக்கி வைப்பது அதன் வேலை இல்லை. உதடு விரிந்து ஆயிலைத் துப்பும். வண்டியைக் கீழேயே நிறுத்திப் பார்த்தால் கசிவே தெரியாது. அதனால்தான் சமவெளிப் பட்டறையில் காட்டினால் 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுகிறார்கள்.

பிரீதரைக் கழற்றி, பெட்ரோலில் ஊறவைத்து, ஊதிப் பாருங்கள். இரண்டு பக்கமும் காற்று போக வேண்டும், அல்லது வால்வு வகை என்றால் மூடி விரலுக்குத் துள்ள வேண்டும். துள்ளாவிட்டால் புதிது போடுங்கள், விலை சொற்பம். ஓடையில் இறங்கும் வண்டி என்றால் 6 மி.மீ. அல்லது 8 மி.மீ. பெட்ரோல் ஹோஸ் ஒன்றரை, இரண்டு மீட்டர் வாங்கி, பிரீதர் இடத்தில் நிப்பிள் பொருத்தி, சேஸி வழியாக மேலே கொண்டுபோய் முனையைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டுங்கள். ஆக்ஸில் முழுக்கத் தொங்கும்போது ஹோஸ் இழுபடாத அளவுக்குத் தளர்வு விடுங்கள். முனையில் பைக்கின் சின்னப் பெட்ரோல் ஃபில்டர் ஒன்றைச் செருகினால் தூசியும் போகாது.

பிரீதர் சரியாக இருந்தும் பினியன் சீல் கசிந்தால், பழைய சீல் உரசிய இடத்தில் ஃபிளாஞ்சில் வரித்தடம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டினால் புதுச் சீலும் ஒரு மாதத்தில் கசியும்.

பின் சக்கர டிரம்முக்குள் ஆயில் இறங்கியிருந்தால் அன்றே வண்டியை நிறுத்துங்கள். இறக்கத்தில் ஒரு சக்கரம் பிடிக்காமல் வண்டி ஒருபக்கம் இழுக்கும். ஆயில் குடித்த பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவி எரித்துத் திரும்பப் போடும் பழக்கம் இருக்கிறது, வேண்டாம். சூடானதும் ஊறியது மேலே வரும். ஒரே பக்கம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், வண்டி தினமும் எந்தப் பக்கம் சாய்ந்து நிறுத்தப்படுகிறது என்று கேளுங்கள். பள்ளத்துப் பக்கச் சக்கரமாகத்தான் இருக்கும். இடத்தை மாற்றுங்கள், மட்டம் அதிகமா என்றும் பாருங்கள்.

ஜிப்சி போன்ற வண்டியின் மூடிய முன் நக்கிளில் (முன் சக்கரம் திரும்பும் மூட்டு) ஆயிலும் கிரீஸும் கலந்த கறுப்புக் குழம்பு வடிந்தால் கசிவது வெளி வைப்பர் சீல் இல்லை. உள்ளே ஆக்ஸில் குழாய் முனையிலிருக்கும் சீல் போய், கிரவுன் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைக்கிறது. வெளிச் சீலை மட்டும் மாற்றுவது காசுக்குக் கேடு.

"ஆயில் பால் டீ மாதிரி இருக்கிறது"

தண்ணீர். சூடான ஆக்ஸிலோடு ஓடையில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். 80 டிகிரியிலிருந்து 15-க்கு இறங்கினால் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கிட்டக் குறையும், பிரீதரும் சீலும் தண்ணீரை உறிஞ்சும். அதனால் ஓடைக் கரையில் பத்து நிமிடம் நிறுத்தி ஆறவிட்டு இறங்குவது வெறும் சோம்பேறித்தனம் இல்லை.

சந்தேகம் இருந்தால் இரும்புத் தகட்டைச் சூடாக்கி ஒரு சொட்டு ஆயில் விடுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. இரவு நிறுத்திக் காலையில் அசைக்காமல் டிரெயின் நட்டை லேசாகத் தளர்த்தினால் சில நேரம் முதலில் தண்ணீரே வரும்.

முழுக்க இறக்குங்கள். மலிவான அதே தரத்து ஆயிலை ஊற்றி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் லோடு இல்லாமல் ஓட்டிச் சூட்டோடு இறக்கிவிட்டு, பிறகு நல்ல ஆயில் போடுங்கள். இன்னும் வெளுப்பாக இருந்தால் இன்னொரு முறை. மண்ணெண்ணெய், டீசல் ஊற்றிக் கழுவுவது வேகமான வழிதான். ஆனால் ஆக்ஸில் குழாயிலும் பேரிங்கிலும் தங்கும் மண்ணெண்ணெய் புது ஆயிலை நீர்க்கச் செய்துவிடும். தண்ணீரோடு ஒரு மாதம் நின்ற ஆக்ஸிலில் பேரிங் உருளைகளில் துருப்புள்ளி விழுந்திருக்கும், அதன் உறுமல் பின்னால் வரும்.

"கொண்டை ஊசியில் பின்னால் கடகடவென்று உதறுகிறது"

ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் உள்ள ஆக்ஸில் என்றால் உள்ளே கிளட்ச் தட்டுகள் இருக்கின்றன. வளைவில் அவை ஒன்றின்மேல் ஒன்று சத்தமில்லாமல் வழுக்க வேண்டும். சாதாரண ஜிஎல்-5-இல் சிலது ஒட்டி விட்டு ஒட்டி உதறும். எல்எஸ் என்று எழுதிய ஜிஎல்-5 போடுங்கள், அல்லது கையேடு அனுமதித்தால் அதற்கான உராய்வுச் சேர்மானத்தைப் பாட்டிலில் சொன்ன அளவு மட்டும் சேருங்கள். பிறகு மைதானத்தில் மெதுவாக எட்டுப் போட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றினால் தட்டுக்குள் ஆயில் இறங்கும்.

மஹிந்திரா தார் வண்டியின் சில மாடல்களில் வரும் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல் வேறு ரகம். ஒரு சக்கரம் மற்றதைவிட நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று அதிகம் சுழன்றால் 'டக்' என்று பூட்டும். சேற்றில் அந்தச் சத்தம் வருவது அதன் குணம், கோளாறு இல்லை. அதில் கண்ட சேர்மானத்தையும் சொந்தமாக ஊற்றிப் பார்க்க வேண்டாம்.

"கியர்பாக்ஸில் ஆயில் கூடுகிறது, டிரான்ஸ்ஃபரில் குறைகிறது"

சில நேரம் தலைகீழாகவும் இருக்கும். இரண்டும் ஒட்டி நிற்கும் பழைய ஜீப் ரகத்தில் நடுச் சீல் தேய்ந்தால் ஒன்றின் ஆயில் மற்றதுக்குள் போகும். கீழே ஒரு சொட்டும் விழாது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. இரண்டையும் ஒரே நாளில் அளந்தால்தான் பிடிபடும். சீல் மாற்றும்வரை இரண்டிலும் ஒரே ஜிஎல்-4 80டபிள்யூ-90 போட்டு, வாரம் ஒருமுறை மட்டம் பார்த்து ஓட்டலாம். டிரான்ஸ்ஃபரில் சிவப்பு ஆயில் உள்ள வண்டியில் இந்தச் சமாளிப்பு நடக்காது.

"ஃபோர் வீல் லீவர் வெளியே வரமாட்டேன் என்கிறது"

காரணம் ஆயில் இல்லை. மழை நின்று தார் ரோடு காய்ந்த பிறகும் ஃபோர் வீலில் ஓட்டியிருக்கிறீர்கள். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடும், நடுவில் அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரன்ஷியல் இல்லாததால் ஷாஃப்டுகள் முறுக்கேறி லீவரைக் கவ்வும். ஸ்டியரிங்கை நேராக வைத்து இரண்டு மீட்டர் ரிவர்ஸில் வாருங்கள், கழன்றுவிடும். இப்படி நாள்கணக்கில் ஓடிய வண்டியில் டிரான்ஸ்ஃபர் ஆயில் கருத்துக் கருகல் வாடை வீசும், அதை மாற்றிவிடுங்கள். ஹப்பைத் திறந்தே மாதக்கணக்கில் ஓட்டுபவர்களுக்கு மறுபக்கத் தொல்லை. முன் ஆக்ஸில் சுற்றாமல் மேல் பேரிங் காயும். மாதம் ஒருமுறை ஹப்பைப் பூட்டி, ஃபோர் வீல் போடாமல், சில கிலோமீட்டர் ஓட்டினால் போதும்.

மாற்றும்போது

ஃபில்லர் நட்டை முதலில் கழற்றுங்கள். டிரெயினைத் திறந்து எல்லாம் கொட்டிய பிறகு ஃபில்லர் துருவேறி அசையாவிட்டால், வண்டி அங்கேயே நிற்கும். அது தளர்ந்ததும் பத்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கி இறக்குங்கள். டிரெயின் நட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் வழக்கமான தேய்மானம். நகத்தளவு செதில், ஊசித்துண்டு இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது, புது ஆயில் ஊற்றும் முன் திறந்து பாருங்கள். செம்பு வாஷர் புதிது போடுங்கள். சில ஆக்ஸில்களில் டிரெயினே இருக்காது. பின் மூடியைக் கழற்ற வேண்டும், அல்லது ஃபில்லர் வழியாகக் கைப்பம்பால் உறிஞ்ச வேண்டும்.

ஊட்டிக் குளிரில் கேனிலிருந்து ஆயில் இறங்கவே அரைமணி ஆகும். கேனை வெந்நீர் வாளியில் பத்து நிமிடம் வைத்தால் சரசரவென்று இறங்கும். மூடியை இறுக்கி வையுங்கள், ஒரு சொட்டு நீரும் உள்ளே போகக் கூடாது. துளையில் வழிய ஆரம்பித்ததும் நிறுத்தி, வழிவது சொட்டாக நிற்கும்வரை காத்திருந்து மூடுங்கள். மறுநாள் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மட்டத்தை இன்னொரு தரம் பாருங்கள். காற்றுக் குமிழி போய், ஆக்ஸில் குழாய்க்குள் பரவி, நூறு இருநூறு மில்லி குறைந்திருக்கலாம்.

சமவெளியில் 40,000 கிலோமீட்டர் சொல்லும் கையேட்டை மலை லோடு வண்டிக்குப் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஓடை தாண்டும் எஸ்டேட் ஜீப்புக்குக் கிலோமீட்டர் கணக்கே வேண்டாம், தென்மேற்கு மழை முடிந்ததும் வருடம் ஒருமுறை நாலு இடத்திலும் மாற்றுங்கள். இறக்கிய பழைய ஆயிலை அதே கேன்களில் ஊற்றி, பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள். பட்டறைக்குப் பின்னால் கொட்டினால் அது தேயிலைச் சரிவு வழியாக ஓடைக்கும், ஓடை வழியாகக் கீழ்வீட்டுக் கிணற்றுக்கும்தான் போகும்.